எல்க் வேட்டையும் .30-06 தோட்டாவும்

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் மான் வேட்டைக்குச் செல்வோர் இன்றும் எடுத்துச் செல்லும் தோட்டாக்களில் ஒன்று .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு. 1906ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது இது. அதற்குப் பிறகு இதைவிட வேகமும் ஆற்றலும் மிக்க தோட்டாக்கள் பல வந்தன. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கடைகளிலிருந்து மறைந்தும் போயின. இதுவோ நூறு ஆண்டுகளைக் கடந்தும் புழக்கத்தில் இருக்கிறது. தாத்தா வாங்கிய துப்பாக்கியில், பேரன் இன்று கடையில் வாங்கிய தோட்டாவைப் போட்டுச் சுட முடிகிறது.

நீண்ட நாள் உழைக்கும் ஒரு துப்பாக்கியையும் அதற்குரிய தோட்டாவையும் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது எல்க் வேட்டைக்காரர்களிடையே ஓயாத விவாதம். வரலாற்றைப் பார்த்தால் அதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. ஒரு தோட்டா நிலைத்து நிற்பதற்கு அதன் ஆற்றல் மட்டும் போதாது. ராணுவத்தின் தேவை, தொழிற்சாலைகளின் உற்பத்தி, எஃகின் தரம், எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுகள் ஆகியவை ஒன்றுசேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேட்டையாடப்படும் விலங்கு அழியாமல் இருக்க வேண்டும். எல்க் மான் ஒருகட்டத்தில் அழிவின் விளிம்பு வரை சென்று திரும்பியது. ஆகவே துப்பாக்கியின் வரலாற்றை அந்த விலங்கின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எல்க் எந்த விலங்கு?

'எல்க்' என்ற ஆங்கிலப் பெயர் மூன்று வெவ்வேறு விலங்குகளைக் குறித்து வந்துள்ளது. ஐரோப்பாவில் எல்க் என்றால், அமெரிக்கர் 'மூஸ்' என்று அழைக்கும், அகன்ற கொம்புடைய மிகப்பெரிய மான். இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், நம் கடமானையே எல்க் என்று அழைத்தனர். இலங்கைத் தமிழர் அதை மரை என்பர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டை நூலில் எல்க் என்று எழுதுவது இந்த மரையைத்தான்.

இக்கட்டுரை பேசும் எல்க், வட அமெரிக்காவின் 'வாப்பிட்டி' என்னும் மான். வெண்ணிறப் பின்புறம் உடையது என்பது ஷானி பழங்குடியினர் மொழியில் அச்சொல்லின் பொருள். ராக்கி மலை எல்க்கின் வளர்ந்த ஆண் சுமார் 300 கிலோ எடை இருக்கும். பெண் 200 கிலோவுக்குச் சற்று மேல். தடித்த தோலும் கனத்த தோள் எலும்பும் கொண்டது. சரியான இடத்தில் அடிபடாவிட்டால் காயத்தோடு பல கிலோமீட்டர் ஓடி, யார் கண்ணிலும் படாமல் எங்கோ விழுந்து சாகும். எனவே தோட்டாத் தேர்வு வேட்டைக்காரரின் வசதியை மட்டும் பொறுத்ததல்ல. விலங்கு துன்பப்படாமல் விரைவில் சாகுமா என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

தோட்டாவின் உறுப்புகள்

தொடர்ந்து படிக்கும்முன் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்த முழுப் பொருள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் பறந்து செல்லும் குண்டு என்பவை அவை. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தால் அது ரைஃபிள். அந்தப் பள்ளங்கள் குண்டைப் பம்பரம்போலச் சுழலவைத்து நேராகச் செல்லச் செய்கின்றன.

தோட்டாவின் பெயரில் உள்ள முதல் எண் பெரும்பாலும் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும். .30 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் 30 பங்கு, அதாவது 7.62 மில்லிமீட்டர். இரண்டாம் எண்ணுக்கு ஒரே விதி இல்லை. .45-70 தோட்டாவில் 70 என்பது கருமருந்தின் எடை, கிரெய்ன் அளவில். .30-06 தோட்டாவிலோ 06 என்பது 1906ஆம் ஆண்டு.

கருமருந்துக் காலம்

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்கர் மேற்கு நோக்கிக் குடியேறியபோது அவர்கள் கையில் இருந்தவை கருமருந்துத் துப்பாக்கிகள். 1873இல் ராணுவம் ஏற்ற .45-70 அவற்றுள் புகழ்பெற்றது. சுமார் 26 கிராம் எடையுள்ள ஈயக் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 410 மீட்டர் வேகத்தில் செலுத்தியது அது. அருகில் நிற்கும் விலங்கை வீழ்த்த அது போதும். ஆனால் குண்டு மெதுவாகச் செல்வதால் தொலைவு கூடக்கூட வெகுவாகக் கீழே இறங்கிவிடும். ஒரு முறை சுட்டதும் எழும் வெண்புகை, சுட்டவரின் கண்ணையே மறைத்துவிடும்.

இந்தக் குறைபாடுள்ள துப்பாக்கிகளே எல்க் மந்தைகளை அழிக்கப் போதுமானவையாக இருந்தன என்பது கவனிக்கத் தக்கது. ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் ஒரு கோடி அளவில் எல்க் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே சென்றது. இறைச்சி, தோல், விளைநிலமாக மாறிய மேய்ச்சல் காடுகள் எனக் காரணங்கள் பல. அவற்றுள் விந்தையான ஒன்றும் உண்டு. எல்க்கின் மேல்தாடையில் தந்தம் போன்ற இரண்டு பற்கள் உள்ளன. 1868இல் நியூயார்க்கில் தொடங்கிய 'எல்க்ஸ்' என்னும் சங்கத்தின் உறுப்பினர்கள் அந்தப் பற்களைக் கடிகாரச் சங்கிலியில் அணிந்தனர். பல்லுக்காக மட்டும் எல்க்கைக் கொன்று உடலை அப்படியே விட்டுச் சென்றவர்கள் இருந்தனர். கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த எல்க் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் முற்றிலும் மறைந்தது.

புகையில்லா மருந்தும் மவுசரும்

1884இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சு ராணுவம் அதற்கேற்ற லெபெல் ரைஃபிளை ஏற்றது. ஒரே எடைக்கு அதிக ஆற்றல் தந்ததால் குண்டைச் சிறியதாக்கி வேகத்தைக் கூட்ட முடிந்தது. இயற்பியலில் படிக்கும் இயக்க ஆற்றல் சூத்திரம் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. எடை இரு மடங்கானால் ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

அமெரிக்க ராணுவம் 1892இல் .30-40 கிராக் தோட்டாவுக்கு மாறியது. வேட்டைக்காரருக்கு வின்செஸ்டர் நிறுவனம் 1895இல் .30-30 தோட்டாவைக் கொடுத்தது. அது பொருந்திய 1894 மாதிரி லீவர் துப்பாக்கி எடை குறைந்தது. குதிரைச் சேணத்தில் செருகிக்கொள்ள ஏற்றது. மான் வேட்டைக்கு இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் திறந்த மலைச் சரிவில் தொலைவில் நிற்கும் எல்க்குக்கு அது சற்றுக் குறைவுதான்.

இதே காலத்தில் ஜெர்மனியில் பால் மவுசர் போல்ட் வகை ரைஃபிளைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் அதன் அமைப்பு எளிதில் விளங்கும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்னே தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே சென்று பூட்டிக்கொள்ளும். 1898 மாதிரியில் போல்ட்டின் முன்பகுதியில் இரண்டு பூட்டுப் பற்களும், அவை உடைந்தாலும் காக்க மூன்றாவதாக ஒரு பல்லும் இருந்தன. தோட்டாவின் விளிம்பை உறுதியாகப் பற்றி இழுக்கும் அகன்ற கொக்கியும் இருந்தது. சேறு, பனி, குளிர் எதிலும் தடையின்றி இயங்கியதால், இன்றைய வேட்டை ரைஃபிள்கள் பலவற்றுக்கும் அதுவே மூலமாக அமைந்தது.

1898இல் கியூபாவில் ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்கர் இதன் வலிமையைத் தங்கள் உடலிலேயே உணர்ந்தனர். சான் ஹுவான் குன்றுகளில் எண்ணிக்கையில் குறைந்த ஸ்பானிய வீரர்கள், 7 மில்லிமீட்டர் மவுசர் ரைஃபிள்களால் தாக்க வந்த படைக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்தினர். மவுசரில் ஐந்து தோட்டாக்களை ஒரே தள்ளலில் நிரப்பலாம். கிராக் ரைஃபிளில் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும்.

1903, 1906

அந்தப் போரின் பாடத்திலிருந்து பிறந்ததே ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள். மவுசரின் அமைப்பை அது அவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றியதால், அமெரிக்க அரசு மவுசர் நிறுவனத்துக்கு உரிமத்தொகை செலுத்த நேர்ந்தது. அதன் முதல் தோட்டா .30-03. மொட்டை நுனி கொண்ட 220 கிரெய்ன் குண்டு அதில் இருந்தது. அதற்குள் ஜெர்மனி கூர்நுனிக் குண்டுக்கு மாறிவிட்டது. காற்றைக் கிழித்துச் செல்லும் கூர்நுனியால் குண்டு நெடுந்தொலைவு வரை வேகம் இழக்காது. அமெரிக்கரும் 1906இல் 150 கிரெய்ன் கூர்நுனிக் குண்டுக்கு மாறி, கூட்டின் கழுத்தைச் சற்றுக் குறைத்தனர். இதுவே .30-06. ஏற்கெனவே செய்த ரைஃபிள்களைத் திரும்பப் பெற்றுப் புதிய தோட்டாவுக்கு ஏற்ப மாற்றினர்.

வேட்டைக்காரர் இதில் கனமான குண்டுகளைப் பயன்படுத்தினர். எல்க்குக்குப் பெரிதும் பயன்படுவது 180 கிரெய்ன், அதாவது சுமார் 11.7 கிராம் குண்டு. அது குழலை விட்டு வெளியேறும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர். கணக்கிட்டால் சுமார் 3,900 ஜூல் ஆற்றல் வரும். முன்பு சொன்ன .45-70 தோட்டாவுக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 2,200 ஜூல்தான். பாதிக்கும் குறைவான எடையுள்ள குண்டு ஒன்றே முக்கால் மடங்கு ஆற்றலைச் சுமக்கிறது.

எஃகு கற்பித்த பாடம்

நீடித்து உழைக்கும் துப்பாக்கி என்ற பேச்சில் தோட்டாவை விட எஃகுக்கே முதலிடம். ஸ்பிரிங்ஃபீல்டு 1903 அதற்கு நல்ல சான்று. தோட்டா வெடிக்கும் அறையைத் தாங்கும் பாகத்தை உலையில் காய்ச்சித் தோய்ச்சல் கொடுப்பார்கள். தொடக்க ஆண்டுகளில் எஃகு போதிய சூடு ஏறிவிட்டதா என்பதை அனுபவமிக்க தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தனர். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் முறையும் இதுதான். ஆனால் வெயில் நாளில் சிவந்த எஃகு மங்கலாகத் தெரியும். மேகமூட்டத்தில் பளிச்சென்று தெரியும். அதனால் சில பாகங்கள் அளவுக்கு மீறிக் காய்ந்து, கண்ணாடிபோல் உடையும் தன்மை பெற்றன.

1917இல் சில ரைஃபிள்கள் சுடும்போது வெடித்துச் சிதறிய பிறகே இது வெளிப்பட்டது. 1918இல் வெப்பநிலையைக் கருவியால் அளந்து இருமுறை பதப்படுத்தும் முறை வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தவற்றுள் 8,00,000க்குக் கீழ் வரிசை எண் கொண்டவற்றைச் சுடாமல் வைப்பதே நல்லது என்பது இன்றும் சேகரிப்பாளர்கள் அறிந்த எச்சரிக்கை. வெளித்தோற்றத்தில் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே இருக்கும்.

துரு மற்றொரு எதிரி. அக்கால ராணுவப் பிரைமர்கள் எரிந்தபின் உப்பைக் குழலில் படியவிட்டன. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே வாரத்தில் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். இதை அறிந்தவர் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்திப் பிறகு எண்ணெய் தடவினர். அறியாதவர் குழலைப் பாழாக்கினர்.

போர்க்களத்திலிருந்து மலைக்கு

முதல் உலகப் போருக்குப் பின் நாடு திரும்பிய வீரர்களுக்கு .30-06 கைவந்த தோட்டாவாக இருந்தது. ராணுவத்துக்குத் தேவையற்றுப்போன ரைஃபிள்கள் மலிவாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அவற்றின் கனத்த மரக்கட்டையைச் செதுக்கி, குழலைக் குறைத்து வேட்டைத் துப்பாக்கியாக மாற்றுவது சிற்றூர்ப் பட்டறைகளின் தொழிலாயிற்று. ரெமிங்டன் 1921இலும் வின்செஸ்டர் 1925இலும் இத்தோட்டாவுக்கேற்ற போல்ட் ரைஃபிள்களை வெளியிட்டன. 1936இல் வந்த வின்செஸ்டர் மாதிரி 70, எல்க் வேட்டையில் தனியிடம் பெற்றது.

1926இல் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடித் தர நிர்ணய அமைப்பு ஒன்றை நிறுவினர். ஒவ்வொரு தோட்டாவின் நீளம், விட்டம், அழுத்த எல்லை எல்லாம் எழுத்தில் வகுக்கப்பட்டன. ஒரு நிறுவனத்தின் தோட்டா மற்றொரு நிறுவனத்தின் துப்பாக்கியில் பாதுகாப்பாகப் பொருந்துவது இதனால்தான். ராணுவத்தில் .30-06 தோட்டாவின் காலம் 1950களில் முடிந்தது. அதன் இடத்துக்கு நீளம் குறைந்த 7.62 நேட்டோ தோட்டா வந்தது. அதற்குள் நாடெங்கும் .30-06 துப்பாக்கிகள் பெருகிவிட்டதால், ராணுவம் கைவிட்டும் தோட்டா சாகவில்லை.

மறைந்தவையும் நிலைத்தவையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேட்டை இதழ்களில் இரண்டு எழுத்தாளர்கள் எதிரெதிர் அணிகளாக நின்றனர். ஜாக் ஓ'கானர், .30-06 கூட்டைக் குறுக்கி 1925இல் உருவான .270 வின்செஸ்டரை ஆதரித்தார். இலகுவான வேகக் குண்டை உரிய இடத்தில் செலுத்தினால் போதும் என்பது அவர் கட்சி. ஐடஹோவின் எல்மர் கீத், எல்க்குக்குப் பெரிய விட்டமும் கனத்த குண்டும் வேண்டும் என்றார். எந்தக் கோணத்தில் நின்றாலும் குண்டு ஆழமாகப் பாய வேண்டும் என்பது அவர் வாதம்.

கீத்தின் பக்கம் சாய்ந்தவர்களுக்கு 1958இல் .338 வின்செஸ்டர் மேக்னம் வந்தது. 1962இல் 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னமும், 1963இல் .300 வின்செஸ்டர் மேக்னமும் வந்தன. இம்மூன்றும் நிலைத்தன. ஆனால் 1958இன் .264 வின்செஸ்டர் மேக்னம், 1965இன் .350 ரெமிங்டன் மேக்னம், 1978இன் 8 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம் ஆகியவை பேரளவில் பரவவில்லை. அவற்றை நம்பித் துப்பாக்கி வாங்கியவர்கள் பின்னர் தோட்டாவைத் தேடி அலைய வேண்டியிருந்தது. துப்பாக்கி கெடவில்லை, தோட்டா கிடைக்காததால் அது பயனற்றுப்போயிற்று.

மேக்னங்களுக்கு வேறு விலையும் உண்டு. மருந்து கூடினால் தோளில் விழும் உதையும் கூடும். உதைக்கு அஞ்சுபவர் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிவிடுவார், குறி தவறும், விலங்கு காயத்தோடு ஓடும். குழலின் தேய்மானமும் விரைவாகும். பெரும்பாலோர்க்கு .30-06 தாங்கக்கூடிய உதையின் எல்லையில் நின்றது.

குண்டின் அமைப்பும் இதில் பங்கு பெற்றது. 1946இல் கனடாவில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் சுட்ட குண்டுகள் ஒரு மூஸின் உடலில் ஆழப் பாயாமல் மேலேயே சிதறின. நடுவில் உலோகத் தடுப்பு வைத்த குண்டை அவர் உருவாக்கி 1948இல் விற்கத் தொடங்கினார். முன்பகுதி விரியும், பின்பகுதி சிதையாமல் உள்ளே பாயும். பழைய தோட்டாவே புதிய குண்டால் புதுவலிமை பெற்றது.

துப்பாக்கியிலும் இதே பாடம் உண்டு. 1964இல் வின்செஸ்டர், செலவைக் குறைக்க மாதிரி 70இன் அகன்ற கொக்கி உள்ளிட்ட பாகங்களை மாற்றியது. வாங்குவோர் வெறுத்தனர். 1964க்கு முந்தைய துப்பாக்கிகளின் விலை ஏறியது. 1990களில் அந்நிறுவனமே பழைய கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தது.

எல்க் திரும்பி வந்தது

நல்ல துப்பாக்கிகள் பெருகிய அதே நூற்றாண்டில் எல்க்கும் பெருகியது. இது தானாக நடந்ததல்ல. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முயற்சியால் பூன் அண்ட் குரோக்கெட் கழகம் தோன்றியது. வேட்டைக்காரர்களே வேட்டைக்கு வரம்பு கேட்ட அமைப்பு அது. 1894இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் வேட்டையைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. 1900இல் லேசி சட்டம், திருட்டு வேட்டைப் பொருளை மாநிலம் கடத்துவதைக் குற்றமாக்கியது. 1912இல் வயோமிங்கில் தேசிய எல்க் புகலிடம் அமைந்தது. யெல்லோஸ்டோனிலிருந்து பிடிக்கப்பட்ட எல்க், அவை அழிந்துபோன பிற மாநிலங்களுக்கு ரயிலில் அனுப்பப்பட்டன.

1937இல் நிறைவேறிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் திருப்புமுனை. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரி, இன்று 11 விழுக்காடு, வனவிலங்குப் பணிக்கென மாநிலங்களுக்குச் செல்கிறது. வேட்டை உரிமக் கட்டணத்தையும் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இன்று வட அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் எல்க் உள்ளன. மிக அதிகம் வாழும் மாநிலமான கொலராடோவில், எல்க்கைச் சுடும் துப்பாக்கியின் துளை 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி உள்ளது. விலங்கைக் காயத்தோடு விடக் கூடாது என்ற அக்கறை சட்டமாகவே ஆகிவிட்டது. இந்தியா 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேறு வழியைத் தேர்ந்தது. விலங்குகளைக் காப்பதற்கு வேட்டையை நம்பியிருக்கலாமா என்ற கேள்வி அமெரிக்காவிலும் எழுந்துகொண்டே இருக்கிறது.

ஈயக் குண்டு பற்றிய கேள்வி இதில் புதியது. குண்டின் ஈயத் துணுக்குகள் வேட்டைக்காரர் விட்டுச் செல்லும் குடலில் தங்கும். அதைத் தின்னும் கழுகுகள் நஞ்சேறிச் சாகும். 1982இல் உலகில் 22 மட்டுமே எஞ்சியிருந்த கலிஃபோர்னியக் கொண்டார் கழுகுக்கு இதுவே பெரிய ஆபத்து. கலிஃபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயத்தை முழுவதும் தடை செய்தது. அதற்கு மாற்றான செம்புக் குண்டுகள் .30-06 தோட்டாவிலும் கிடைக்கின்றன. துப்பாக்கியை மாற்ற வேண்டியதில்லை. குண்டை மாற்றினால் போதும்.

வரலாறு தரும் விடை

நீண்ட நாள் உழைக்கும் தேர்வு எது என்ற கேள்விக்கு இந்த நூற்றாண்டு வரலாறு சொல்வதைத் தொகுத்துக்கொள்ளலாம். மிக அதிக ஆற்றல் உள்ளதைவிட, போதிய ஆற்றலோடு சுடுபவரின் கட்டுக்குள் நிற்பது நிலைத்தது. விளம்பரத்தில் முந்தியதைவிட, பல ஆலைகள் ஒரே அளவில் செய்வது நிலைத்தது. எஃகின் தரமும் குழலைத் துடைத்துப் பேணும் வழக்கமும் துப்பாக்கியை மூன்று தலைமுறைக்கு நீட்டின. குண்டின் வடிவம் மாறியபோதும் கூட்டின் அளவு மாறாததால், புதிய அறிவைப் பழைய கருவி ஏற்றுக்கொண்டது.

ஆனால் 1900இல் எல்க்கின் எண்ணிக்கை சரிந்த வேகத்திலேயே தொடர்ந்து சரிந்திருந்தால், இவற்றில் எதற்கும் பொருள் இருந்திருக்காது. அன்று வேட்டைக்கு எல்லை வகுத்தவர்களால்தான் இன்று பேரன் கையில் அந்தத் துப்பாக்கியும் மலையில் அந்த மானும் இருக்கின்றன.